இருபது விழுந்த ஞாயிறு

என் தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலே முக்காலுக்கு நான் கொன்றேன். அதற்கு முன் கால் மணி நேரம் அவனைக் கொல்லாமல் இருக்கப் பொய் சொன்னேன். இரண்டில் எது தப்பு என்று கேட்டால், பொய்தான் என்று கூசாமல் சொல்வேன். பதறவேண்டாம், எல்லாம் ஆட்டத்தில்தான்.

காகிதம், பென்சில், பகடை, இவ்வளவுதான் எங்கள் ஆட்டத்துக்கு வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் திருடன், வில்லாளி, மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். பாத்திரத்தின் பலம், உயிர்ப் புள்ளி, மூட்டையில் இருக்கும் சாமான் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். "கதவை உடைக்கிறேன்" என்பார்கள். உடைகிறதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எங்கள் கதையை நடத்துகிறவள் நான். எதிரே வருகிற பூதம், கொள்ளைக்காரன் எல்லாருக்கும் நான்தான் பகடை உருட்டவேண்டும். எண் பெரிதானால் அடியும் பெரிது; அடிக்கேற்ப உயிர்ப் புள்ளி குறையும், தீர்ந்தால் ஆள் காலி.

மற்ற நாட்களில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறவள். ஒன்பது வருஷமாகிறது. ஞாயிறன்று கடை மூடியிருக்கும். முதலாளி சாவியை என்னிடம் விட்டுவிடுவார். நடுவில் இருக்கும் நீள மேஜைதான் எங்கள் காடு, மலை, பாதாளம் எல்லாம். மேலே பூசணி எழுத்தும் கீழே எறும்பு எழுத்துமாக ஒரு பழைய பார்வைப் பரிசோதனை அட்டை இருந்தது. அதை மடித்து எனக்கு முன்னால் மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பகடையை உருட்டுவேன். பகடை நெல்லிக்காய் அளவு இருக்கும். மற்றவர்களும் அதையே வாங்கி உருட்டுவார்கள்; சின்னப் பகடையாக இருந்தால் டீச்சருக்குத் தெரியாது.

டீச்சர் என்றால் கணக்கு டீச்சர். கண்ணாடி மாற்ற வந்தவர், ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தங்கிவிட்டார். எதைச் செய்யப்போனாலும் நூற்றுக்கு எத்தனை என்று வாய்விட்டுச் சொல்லாமல் செய்யமாட்டார். இன்னொருவர் என் வீட்டுக்காரர், பஸ் டிரைவர். ஆட்டத்திலும் குகைக்குள் நுழையுமுன் வலது பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்.

எங்கள் மேஜையில் சாவுக்கென்று ஒரு முறை உண்டு. சாகிறவருக்குக் கடைசியாக ஒரு செயல் தருவேன்: என்ன செய்துவிட்டுச் சாகிறீர்கள்? அது முடிந்ததும் அவருடைய தாளைத் திருப்பி, பின்பக்கம் மற்றவர்கள் ஆளுக்கொரு வரி எழுதுவார்கள். கடைசி வரி செத்தவருடையது. அந்தத் தாளை அட்டையின் உள்பக்கத்தில் குத்தி வைப்பேன். செத்தவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓரமாக உட்காரக்கூடாது; கதையில் அடுத்து யார் எதிர்ப்படுகிறார்களோ அவராக உடனே உள்ளே வந்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் முதல் நாளே இருபது நிமிஷத்தில் சேற்றில் மூழ்கிப் போனார். "வலது பக்கம் பார்த்தார். சேறு இடது பக்கம் இருந்தது" என்று டீச்சர் எழுதிய வரி இன்னமும் என் அட்டையில் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் ஏழு சாவு பார்த்துவிட்டோம். எந்தச் சாவுக்கும் நான் தயங்கியதில்லை.

தம்பி வந்தபோதுதான் தயங்கினேன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தொன்பது வயதில், இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று நெஞ்சைத் திறந்து சரிசெய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. நடக்கலாம், படி ஏறலாம், ஆறு மாதத்தில் வேலைக்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவன்தான் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஐந்து மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நாங்களும் சும்மா இல்லை. அம்மா அவன் எதிரில் குரலை உயர்த்தவில்லை. அப்பா கேரம் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றார். டி.வி.யில் ஆஸ்பத்திரி வந்தால் நான் பாய்ந்து சானலை மாற்றினேன். மூக்கு மேல் கோபம் வைத்திருக்கிற நானே ஐந்து மாதமாக அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரு மணி நேரம் வந்து உட்காருடா. பிடிக்கலன்னா நானே கொண்டுவந்து விட்டுடறேன்" என்று கெஞ்சிக் கூத்தாடி அந்த ஞாயிறு அவனை அழைத்து வந்தேன். வழியெல்லாம் எனக்கு ஒரே பயம்தான். வந்த முதல் நாளே ஆட்டத்தில் செத்துவைத்தால், திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். அப்புறம் அவனை எழுப்ப யாராலும் முடியாது.

பாத்திரம் எழுதச் சொன்னதும் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தான். பிறகு 'கயிற்றுக்காரன்' என்று எழுதினான். கயிறு, கப்பி, கொக்கி, எண்ணெய்ப் புட்டி. ஆயுதம் ஒன்றும் இல்லை. உயிர்ப் புள்ளி ஆறு.

"ஆறுதானாடா?" என்றேன்.

"பகடை அதானே குடுத்துச்சு" என்றான்.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. ஒரு சுரங்கம்; அதன் கோடியில் மேலே ஏறுவதற்கு மரமேடை ஒன்று, லிஃப்டில் இருப்பதுபோல் கயிறும் எதிர்எடையுமாக. அவனுக்காகவே நான் வைத்தது. கப்பி இரும்பா மரமா என்று கேட்டான். நான் உள்ளுக்குள் துள்ளினேன். மேடைக்கு முன்னால் ஒரு கற்பூதம் தூங்கிக்கொண்டிருந்தது. சத்தம் போடாமல் போனால் வம்பில்லை. அப்படித்தான் போனார்கள், சுரங்கத்தின் திருப்பம் வரைக்கும். அங்கே என் வீட்டுக்காரர் இடுப்பில் இருந்த கொம்பை எடுத்து ஊதிவிட்டார்.

"ஏங்க ஊதினீங்க?" என்று கத்தினேன்.

"திருப்பத்துல ஹாரன் அடிக்கணும்ல" என்றார் மனுஷன்.

பூதம் எழுந்தது. பக்கத்தில் இருந்தவன் தம்பி. விதிப்படி அவனைத்தான் அடிக்க வேண்டும். உருட்டினேன். இருபது. அதற்கு மேல் பகடையில் எண்ணே கிடையாது.

"மூணு. அடி தவறிடுச்சு" என்றேன்.

அடுத்த சுற்று பதினேழு. "நாலு" என்றேன். மூன்றாவது சுற்றில் மறுபடி இருபது. பகடைக்கும் எனக்கும் ஏதோ பழைய பகை போலிருக்கிறது. "ரெண்டு. சுவத்துல போய் இடிச்சிருச்சு" என்றேன். டீச்சர் நூற்றுக்கு எத்தனை என்று சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் கூரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கதை அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று நினைத்தேன்.

தம்பி பென்சிலைக் கீழே வைத்தான். "அந்தப் பூதத்துக்குக் கண்ணு தெரியலயாக்கா? ஒரு கண்ணாடி போட்டு விடேன்" என்றான். பிறகு, "பின்னால திரும்பிப் பாரு" என்றான்.

திரும்பினேன். வாடிக்கையாளர்கள் ஃபிரேம் போட்டுப் பார்க்கிற வட்டக் கண்ணாடி, முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து சுவரில் தொங்கியது. என் தலை, அட்டையின் உள்பக்கம், குத்திவைத்த ஏழு தாள்கள், நெல்லிக்காய்ப் பகடை, அதன் மேல் இருபது. எல்லாம் அதில் பளிச்சென்று தெரிந்தன. ஒன்பது வருஷமாக தினம் காலையில் அதைத் துடைக்கிறவள் நான்.

"உங்களுக்கும் தெரியுமா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா தெரியும்மா. நீ ஒரு தடவகூட மாத்திச் சொன்னதில்ல. அதான் வாயத் திறக்கல."

"இன்னிக்கு?"

டீச்சர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"மூணு பேரும் சேர்ந்தா?" என்றான் தம்பி. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போய் ஷூவை எடுத்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்கு ரோஷம் வேறு. பின்னாலேயே போனேன்.

"உனக்காகத்தானடா செஞ்சேன்!"

"அதான்கா பிரச்சன." ஒரு ஷூவை மாட்டினான். "ஆபரேஷனுக்கு முந்தின நாள் உன்கிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நான் செத்துட்டா என்னக்கா பண்ணுவீங்க என்று கேட்டான். வாயக் கழுவுடா என்றேன்.

"அம்மாகிட்ட கேட்டேன், அழுதாங்க. அப்பா டி.வி. சத்தத்தக் கூட்டிட்டாரு. ஒருத்தராவது, இருடா, அப்படி ஆச்சுன்னா இன்னது பண்ணுவோம், உன்ன மறக்க மாட்டோம்னு சொல்லியிருந்தா கொஞ்சம் தூங்கியிருப்பேன். நான் மட்டும் தனியா பயந்துட்டுக் கிடந்தேன். இப்பவும் அதேதான். கேரம்ல அப்பா தோக்குறாரு, இங்க நீ பகடைய மாத்துற. எது அடிச்சாலும் மேல படாதுன்னா, நான் இருக்கேனா இல்லயான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் குனிந்து நாடாவைக் கட்ட ஆரம்பித்தான். இவன் இப்போது போனால் போனதுதான் என்று தெரிந்தது. சமாதானம் ஒன்றும் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னேன், தெருவில் போகிறவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

"இருபது விழுந்துச்சுடா! மொத அடியிலயே நீ செத்துட்ட!"

நாடாவில் இருந்த கை நின்றது. "எவ்வளவு?"

"இருபதுக்குப் பதினாலு புள்ளி போகும். உன்கிட்ட இருந்ததே ஆறு."

நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அப்ப நல்லாவே செத்திருக்கேன்" என்றான். பிறகு ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

நான் அட்டையை எடுத்து ஓரமாக வைத்தேன். பகடை எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது. எல்லாரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டேன். "பூதத்தோட கை உன் நெஞ்சுல விழுது. நீ விழப்போற. என்ன செஞ்சிட்டுச் சாகற?"

நெஞ்சு என்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்போதும் ஒரு கணம் பயந்தேன். அவன் பயப்படவில்லை.

"மாமாவும் டீச்சரும் மேடையில ஏறிட்டாங்களா?"

"ஏறியாச்சு" என்றார் டிரைவர், குற்றவாளிக் குரலில்.

"எதிர்எடை மேல நிக்குது, ஒரு பிடி அதப் பிடிச்சிட்டு இருக்கு. சரியாக்கா?" அவன் கைகள் காற்றில் கப்பியையும் கயிற்றையும் வரைந்தன. ஐந்து மாதமாகப் போர்வை நுனியை மட்டும் பிடித்திருந்த கைகள். "நான் விழும்போது அந்தப் பிடிய உருவிடறேன். எடை கீழ வரும், மேடை மேல போகும். அவங்க ரெண்டு பேரும் தப்பிச்சிடுவாங்க. எடை வந்து பூதத்துத் தலையில விழுந்தா இன்னும் நல்லது."

"விழுது" என்றேன். அதற்குப் பகடை உருட்டவில்லை. அந்தச் சலுகையைச் செத்தவர் எல்லாருக்கும் நான் தருவதுண்டு.

தாளைத் திருப்பி எழுதினோம். "ஆறு புள்ளியில் இரண்டு உயிர்" என்றது டீச்சரின் வரி. என் வீட்டுக்காரர் "இனிமேல் ஹாரன் அடிக்க மாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கதை நடத்துகிறவள் எழுதும் வழக்கம் கிடையாது. அன்று நானும் பென்சிலை வாங்கி, "இவனை மறக்க மாட்டோம்" என்று எழுதினேன். ஐந்து மாதம் தாமதம்தான். அவன் அதைப் படித்தான். கையால் மறைத்துக்கொண்டு தன் வரியை எழுதித் தாளை மடித்துக் கொடுத்தான்.

மேலே போனவர்கள் முதலில் பார்த்தது ஒரு கூண்டு. கூண்டுக்குள் கொள்ளைக்காரர்கள் பிடித்துவைத்திருந்த சமையல்காரி, கையில் நீளக் கரண்டி. "அது நீதான்" என்று தம்பியைக் காட்டினேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எவ்வளவு நேரமாடா காத்துட்டு இருக்கறது? ஆடி அசஞ்சு வர்றீங்க, எரும மாடுங்களா!" என்று கீச்சுக் குரலில் எடுத்துவிட்டான். டீச்சருக்குப் புரையேறியது. எங்களைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சுத் தழும்பின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். என் வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்க எழப்போனார். டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அவனை வீட்டில் விட்டுவிட்டு, சாவியை மறந்தேன் என்று சாக்குச் சொல்லிக் கடைக்குத் திரும்பிவந்து, அந்தத் தாளைப் பிரித்தேன். பேசுகிற மாதிரியே எழுதியிருந்தான்: "பயமாதான் இருந்துச்சு. ஆனா எல்லாரும் கூட இருந்தாங்க." அதை எட்டாவதாகக் குத்திவைத்தேன். அந்த இருபதுக்கும், அந்த வட்டக் கண்ணாடிக்கும், கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்த அந்தப் பயலுக்கும் நான் பட்டிருக்கிற நன்றிக்கடனை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சும்மா கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு அவனை அழைத்துவரக் கிளம்பினால், கட்டில் காலி. எனக்கு முன்னால் பஸ் பிடித்துக் கடை வாசலுக்கு வந்து நின்றிருந்தான், கையில் ஒரு ஃபைலோடு.

"என்னடா இது?"

"ஆளுங்க" என்று தாள்களை எடுத்துக் காட்டினான். "சமையல்காரி செத்துட்டா இந்த வில்லாளி வருவான். அவனும் போயிட்டா இந்த மந்திரக்காரி. அவளும் போயிட்டா இந்த ஒத்தக் கண்ணன். இவன இன்னும் எழுதி முடிக்கல. அடுத்த மாசம் வேலைக்குப் போறப்ப பஸ்ல உக்காந்து எழுதிக்கலாம்னு விட்டுட்டேன்."

அடுத்த மாதம் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டு ஐந்து மாதமாகியிருந்தது. நான் அவசரமாகப் பூட்டின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாவி துவாரம் தெரியவில்லை. இரண்டு தடவை குத்தினேன், நுழையவில்லை.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். "என்னக்கா," என்றான், "உனக்கும் ஒரு கண்ணாடி போட்டு விடணுமா?"