ஒரு ரகசிய ஜெபக்குறிப்பு

குன்னத்துகாலில் யார் வீடு கடனில் முங்குகிறது என்பதை, சபையில் வேதம் வாசிக்கிற ரெத்தினதாஸின் ஜெபத்தைக் கேட்டுத்தான் ஊர் தெரிந்துகொள்ளும். கண்ணை மூடி, வலது கையைத் தூக்கி, "ஆண்டவரே, பேரு சொல்ல விரும்பாத ஒரு சகோதரன்..." என்று தொடங்குவார். பெயர் ஒன்றுதான் வராது. மதிலின் நிறம், மனைவியின் உத்தியோகம், அடகுக் கடைக்குப் போன வளையல் எல்லாம் வந்துவிடும். ஜெபத்தை யாரும் இடையில் நிறுத்தச் சொல்ல முடியாது. அதுதான் அதன் மகிமை. முடிவில் அடிவாங்கியவனும் கூடச் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும்.

நேசையன் அப்படி ஆமென் சொன்னவன். அமரவிளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். அவன் வீட்டில் நடந்த ஜெபக்கூட்டத்தில், "இந்தச் சகோதரன் கடையில ஆளு ஏறல்ல, ஈ மட்டும் ஏறுதே கர்த்தாவே" என்று ரெத்தினதாஸ் உருகியபோது, அவனுக்குக் கடனில் சரக்கு போடும் பாறசாலை வியாபாரியும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவர் அன்றைக்குத் திறந்த கண்ணை அப்புறம் மூடவில்லை. சரக்கு நின்றது, கடையும் நின்றது. இப்போது நேசையன் ஆட்டோ ஓட்டுகிறான்.

ரெத்தினதாஸுக்குத் தன் வீடு முங்கும் என்ற பயமெல்லாம் கிடையாது. ரப்பர் விலை விழுந்தபோதும், வளைகுடாக் கம்பெனிகள் ஊர்ப் பையன்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பியபோதும் சபையில் எழுந்து சாட்சி சொன்னார்: "நான் கன்மலைமேல வீடு கெட்டினவனாக்கும். புயலடிச்சா நமக்கு விசிறி வீசினது போல." அந்தக் கன்மலையின், அசையாத பாறையின், பெயர் நிபின். அவருடைய ஒரே மகன். துபாயில் மேனேஜர்.

போன மாதம் அந்தக் கன்மலை இரண்டு பெட்டியோடு வந்து வாசலில் இறங்கியது. கம்பெனியைப் பூட்டிவிட்டார்களாம். ரெத்தினதாஸ் மகனை மாடிக்கு ஏற்றி ஜன்னலைச் சாத்தினார். மார்த்தாண்டத்தில் ராபின்சன் சாரின் மகளை நிபினுக்குப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பெண் அரசாங்க நர்ஸ். ஒரு கன்மலை உருண்டுவிட்டால் என்ன, அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் கண்டிருந்தார். மாப்பிள்ளை துபாயில்தான் இருக்கிறான், நிச்சயத்துக்கு லீவில் வருவான் என்று பேச்சு.

"எத்தன நாளுப்பா இப்பிடி?" என்றான் நிபின்.

"மோதிரம் மாத்துற வரைக்கும். மிண்டாம இரி. இருமல் வந்தா தலையணய வச்சுப் பொத்து."

விஷயம் ரெத்தினதாஸுக்கும் அவர் மனைவி ரத்னபாய்க்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். மூவரில் கடவுள் ஒன்றும் செய்கிற மாதிரித் தெரியவில்லை. தன்னுடைய ஜெபம் மட்டும் போனால் கூரையைத் தாண்டுமோ என்று ரெத்தினதாஸுக்கே ஒரு ஐயம் வந்தது. அதன் தரம் அவருக்குத் தெரியாததா? ஆகவே, வெள்ளிக்கிழமை தோறும் பச்சைத்தண்ணி குடிக்காமல் உபவாசம் இருக்கிற சுகிர்தபாயிடம் போனார். பெண்கள் ஐக்கியத்துக்கு அந்த அம்மாள்தான் செயலாளர்.

"அக்கா, இது ரகசியக் குறிப்பு. ஆண்டவருகிட்ட மட்டும் சொல்லணும், கேட்டியளா."

"பின்ன? என் வாயி கல்லறையாக்கும் தம்பி."

கல்லறைகள் திறந்த கதை வேதத்தில் உண்டு என்பது சபையில் வேதம் வாசிக்கிறவருக்கு அந்த நேரம் நினைவு வரவில்லை.

சுகிர்தபாய் வாக்குத் தவறவில்லை. பெண்கள் ஐக்கியத்தின் வெள்ளிக்கிழமை ஜெபத்தில் யார் பெயரையும் சொல்லவில்லை. "கன்மலைமேல வீடு கெட்டின ஒரு தகப்பன். வேலை போயி, இருமக்கூட முடியாம மாடியில ஒரு மகன்" என்றாள். அவ்வளவுதான். கேட்டவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு ஜெபக்கூட்டம் ரெத்தினதாஸ் வீட்டு முறை. தனக்கு ஊரில் உள்ள மதிப்பைக் காட்ட ராபின்சன் சாரையும் மனைவியையும் அன்றைக்கே வரச்சொல்லியிருந்தார். பஸ் இறங்கி ஆட்டோவில் வந்தார்கள். பாட்டு நடந்தது, வாசிப்பு நடந்தது. நிச்சயமில்லாத காலத்தில் நிச்சயமானது எது என்று ரெத்தினதாஸ் நெடுநேரம் பேசினார். அடுக்களையில் எண்ணெயில் வேகும் பழம்பொரி மணத்தது.

"முடிவு ஜெபம் நம்ம சார் செய்யட்டும்" என்றார்.

"எனக்குத் தொண்டை சரியில்ல" என்றார் ராபின்சன் சார். "எங்கள ஆட்டோவுல கூட்டிட்டு வந்த தம்பி செய்யட்டும். வழி முழுக்க உங்க குடும்பத்தப் பத்தி நல்ல வார்த்தையாட்டு சொல்லிட்டு வந்தான்."

கதவோரம் இருந்த நேசையன் பணிவாக எழுந்தான். கண்ணை மூடினான். வலது கையைத் தூக்கினான்.

"ஆண்டவரே, பேரு சொல்ல விரும்பாத ஒரு சகோதரன்..."

ரெத்தினதாஸ் சட்டென்று தலையைத் தூக்கினார்.

"மஞ்ச பெயின்ட் அடிச்ச மாடி வீடு அவருக்குத் தந்தீரே, ஸ்தோத்திரம்!"

ராபின்சன் சார் ஒற்றைக் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தார். மஞ்சள்.

"ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று ரெத்தினதாஸ் அலறினார், நேசையனின் குரலை அமுக்கிவிட. ஆவி இறங்கிவிட்டதென்று கூட்டம் நம்பியது. நேசையன் ஒரு சுருதி ஏற்றினான்.

"அந்த மாடியில வேலை போன ஒரு மகன் ஒரு மாசமா அடஞ்சு கிடக்கான் ஆண்டவரே! சொந்த வீட்டுல இருமக்கூட அவனுக்கு அனுமதி இல்ல. துபாயில இருக்கான்னு சொல்லி ஒரு பெண்ணுக்கு அவனக் கெட்டிவைக்கப் பாக்குதாவ. கல்லறையில கிடந்த லாசருவ வெளிய கூப்பிட்டீரே, இவனையும் கூப்பிடும்!"

"ஆமென்!" என்றது கூட்டம்.

"ஆமென்!" என்றது மாடி.

ஒரு மாதம் புழங்காத குரல், கரகரவென்று. அங்கே நிபினுக்குத் துணைக்கு ஒரு வேதபுத்தகமும் தலையணையும்தான். பயத்தில் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, கடைசியில் பயம் விட்டுப் போயிருந்தது. புயலுக்கு அஞ்சாத கன்மலை என்று அப்பா இத்தனை வருடம் சபையில் சொன்னது அவனுக்கு அங்கே உண்மையாகவே நடந்துவிட்டது. அத்தனை பேரிலும் அந்த ஜெபத்தை விசுவாசித்தவன் அவன் ஒருவன்தான்.

யாரும் மாடியைப் பார்க்கவில்லை. எல்லோரும் நல்லவர்கள். ராபின்சன் சார் பழம்பொரி இரண்டு தின்று, சாயா குடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"அருமையான ஜெபம்" என்றார்.

"சார், நம்ம காரியம்..."

"நாங்களும் ஜெபிச்சுட்டுச் சொல்லுதோம்."

அப்படிச் சொன்னவர்கள் அந்தப் பக்கத்தில் அதற்குப் பிறகு ஒன்றும் சொன்னதில்லை. நேசையன் ஓடிப்போய் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தினான். "வாருங்க சார், பஸ்ஸு வாற நேரம். பைசா ஒண்ணும் வேண்டாம். ஊழியமாக்கும்."

சுகிர்தபாய் ரெத்தினதாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "விசனப்படாத தம்பி. வர்ற வெள்ளிக்கிழமை இதையும் குறிப்புல சேக்கேன்." சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கினாள்.

அப்போது நிபின் படியிறங்கி வந்தான். வெயில் படாமல் வெளுத்துப் போயிருந்தான்.

"அம்மா, பழம்பொரி மிச்சம் உண்டா?"

ரத்னபாய் தட்டை நீட்டினாள். ரெத்தினதாஸ் இரண்டே எட்டில் போய், மகனின் கன்னத்துக்கு நேராகக் கையை ஓங்கினார். நிபின் அதைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக் கண்ணை மூடிவிட்டான்.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக..."

ஜெபத்தை இடையில் நிறுத்த முடியாது. ஓங்கிய கையோடு ரெத்தினதாஸ் நின்றார். பையன் ஆகாரத்தை முடித்து, அம்மாவை முடித்து, நேசையனுக்கு ஒரு கடை கிடைக்கவேண்டும் என்பதற்கு வந்திருந்தான். முற்றத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கை தூக்கி நிற்கும் தகப்பன், கண் மூடிய மகன்.

"என்ன ஒரு விசுவாசம்!" என்றாள் சுகிர்தபாய். செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் மறுபடி உள்ளே வந்து, கண்ணை மூடிக்கொண்டார்கள்.