கேப்டனுக்குப் பால், தேன் கலந்து

நான் ஒரு கம்ப்யூட்டர். பயப்பட வேண்டாம், டப்பிங்கில்தான். வேற்றுமொழியில் எடுத்த விண்வெளித் தொடர் ஒன்று நம் மொழியில் வாராவாரம் டிவியில் வருகிறது. அதில் தனியாகப் போகும் கேப்டனுக்குப் பேச்சுத்துணை அவருடைய கப்பலின் கம்ப்யூட்டர் மட்டும். அதற்குக் குரல் கொடுப்பவள் நான்.

கேப்டன் எரிகல்லையே காலால் எட்டி உதைக்கிற ரகம். ஆனால் சண்டை முடிந்ததும் சுவரைப் பார்த்து, "கம்ப்யூட்டர், பால். தேன் கலந்து" என்பார். இவ்வளவு பெரிய ஆளுக்குப் பாலா என்று முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தேன். "தயாராகிறது, கேப்டன்" என்று நான் சொன்னதும் சுவரில் சின்னக் கதவு திறந்து கோப்பை வரும். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் இது மட்டும் மாறாது.

கேப்டனுக்குக் குரல் கொடுப்பவரை நான் பார்த்ததே கிடையாது. எங்கள் வேலை அப்படி. அவர் காலையில் வந்து தன் வசனத்தைப் பேசிவிட்டுப் போய்விடுவார். மாலையில் நான் கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டி, காதில் விழும் அவர் குரலுக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் என்னிடம் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கக்கூட ஆள் இல்லை. கட்டியவர் எப்போதோ பிரிந்து போனார். அக்கா போன் செய்தால் மருமகள் புராணம்தான், நான் 'உம்' கொட்டினால் போதும். பால் கேட்டுவிட்டுக் கேப்டன் கொஞ்சம் காத்திருப்பார் பாருங்கள், அதற்காகவே வாரம் முழுக்க இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரே மனிதர் அவர் என்று நம்பியிருந்தேன்.

தொடர் முடிகிறது, இதுதான் கடைசிப் பகுதி என்று சவுண்ட் இன்ஜினியர் போனில் சொன்னார். ஒரு முறையாவது அவரைப் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன். ஸ்டூடியோ கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"மாஸ்டர், ஒரு பால். தேன் இருந்தா கொஞ்சம் விடுங்க. தொண்டை கட்டியிருக்கு."

என் வாய் சும்மா இருக்குமா? "தயாராகிறது, கேப்டன்" என்று அந்த உணர்ச்சியற்ற கம்ப்யூட்டர் குரலில் சொல்லிவிட்டேன். டீ மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேப்டனும் திரும்பினார். வழுக்கைத் தலை, கட்டம்போட்ட சட்டை, அக்குளில் குடை.

"என்னம்மா, யாரையாவது தேடுறீங்களா?"

அசடு வழிந்தேன். "நான்தாங்க அந்தக் கம்ப்யூட்டர். உங்களுக்குப் பால் குடுக்கிறது நான்தான்."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்மா. நான் உங்க குரலக் கேட்டதே இல்லையே."

"மூலப் படத்துல பேசுற கம்ப்யூட்டராவது ஹெட்போன்ல கேக்குமே?"

"அத நிறுத்தச் சொல்லிடுவேன். புரியாத பாஷை, கவனம் சிதறுது. உதட்ட மட்டும் பாத்துப் பேசிட்டுப் போயிடுவேன்."

"பால் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பீங்களே?"

"திரையில அந்தாளு வாய மூடிட்டு நிக்கிறாரு. நானும் மூடிக்கிறேன்." பாலை ஊதிக் குடித்தார். "டிவியில போட்டுப் பாத்திருக்கலாம். தனியா உக்காந்து நம்ம குரலையே கேக்குறது என்னவோ மாதிரி இருக்கும்மா. போடுறதே இல்ல."

அவர் குடையை எடுத்துக்கொண்டு கடைசிப் பகுதிக்குப் பேசப் போய்விட்டார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. இத்தனை காலம் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்? அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு அதுவும் வடிந்தது. அந்த மனிதரும் பாவம், வருஷக்கணக்காகச் சுவரிடம்தானே பால் கேட்டிருக்கிறார்.

மாலையில் ஹெட்போனை மாட்டினேன். கடைசிக் காட்சி. கேப்டன் நமக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலில் நிற்கிறார். முகம் தெரியாத காட்சி டப்பிங்காரர்களுக்குக் கொண்டாட்டம். உதடு பொருந்த வேண்டியதில்லை, எதை வேண்டுமானாலும் சொருகலாம்.

"கம்ப்யூட்டர், பால். தேன் கலந்து."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குரல் மறுபடி வந்தது.

"உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்கங்கம்மா."

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் பேப்பரைப் புரட்டினார்.

"இது வசனத்துலயே இல்லக்கா. காலையில கவனிக்காம விட்டுட்டேன். படத்துல ஒரு கோப்பைதான் வருது. வெட்டிடுறேன்."

"வெட்டிக்கங்க தம்பி. அதுக்கு முன்னாடி இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். கண்ணை மூடிக் கேட்டேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றேன். என் சொந்தக் குரலில்தான் சொன்னேன்.

"அதையும் வெட்டிடுறேன்க்கா" என்றார் அவர்.