கை கொடுக்காத ஞாயிறு

அமோஸின் கடையில் பேரம் கிடையாது. பிரபு வந்தாலும் ஆடு மேய்ப்பவன் வந்தாலும் மாவுக்கு ஒரே விலை. "அடி மூட்டையில வண்டு இருக்கு, வேணாம்" என்று தன் சரக்கைத் தானே குறை சொல்லி விற்கும் ஆள். ஊரே சிரிக்கும். தங்கை தபிதாவுக்கு மட்டும் அண்ணனை நினைத்தால் அப்படி ஒரு பெருமை.

அதனால்தான் அந்த ஜூனில், அவள் கணவன் ஜோயலைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டபோது, சாட்சி சொல்ல அண்ணனையே அழைத்தாள். க்வேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி தொடாதவர்கள். ஆனால் ஜெர்மனியோடு சண்டை நடக்கிற இங்கிலாந்தில் அதை யார் நம்புவது? விலக்குக் கேட்டு ஜோயல் போட்ட மனுவை விசாரணைக் குழு நம்பினால் அவன் தன் ஆடுகளோடு மலையிலேயே இருக்கலாம். நம்பாவிட்டால் பட்டாளம், அங்கே பணிய மறுத்தால் சிறை. மறுத்தவர்களைச் சுட்டுவிடுவார்கள் என்றும் பேச்சு அடிபட்டது.

ஜோயல் நன்றாகவே பதில் சொன்னான். குழுத் தலைவரான கம்பளி வியாபாரி பாதி மனம் இளகி, பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"இவன் நெஜமாவே சமாதானக்காரன்தானா? சட்டுனு சொல்லுய்யா, எனக்குச் சாப்பாட்டு நேரம்" என்றார் அமோஸிடம்.

அமோஸ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். எங்கள் ஜெபக் கூட்டத்தில் யாராவது எழுந்து பேசுவதற்கு முன்னால் அப்படித்தான் ஒரு மௌனம் வரும்.

"சமாதானக்காரன்தான்" என்றான் அமோஸ். பெரிய மனிதர் என்பதற்காக நாங்கள் யாரையும் 'நீங்கள்' போட்டுப் பேசுவதில்லை. "ஆனா நீ முழுசா தெரிஞ்சுக்கணும். ஆறு வருஷம் முன்னாடி, மலைப்பாதையில ஒருத்தன் குதிரையைப் போட்டு அடிச்சான். இவன் அவனைக் குத்தி ரெண்டு பல்லை ஒடச்சிட்டான். அப்புறம் உக்காந்து அழுதான்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"குதிரைக்குன்னா குத்துவான், நாட்டுக்குன்னா மாட்டானாமா?" தலைவர் ஒரே கோட்டில் மனுவை அடித்தார்.

அந்த விஷயத்தை ஜோயல் மனைவியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். அவள் மனசு தாங்காமல் அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஜோயல் திரும்பி அமோஸைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

வியாழக்கிழமை சிப்பாய்கள் வந்து அவனைக் கூட்டிப்போனார்கள். தபிதா நேரே கடைக்குப் போனாள்.

"அந்தக் குதிரைக் கதையை அவங்க கேட்டாங்களாண்ணா?"

"கேக்கல."

"அப்புறம் எதுக்கு வாயைத் தொறந்த?"

"மறைச்சு வெச்சுக்கிட்டு ஆமான்னா, அது பாதிப் பொய்யில்ல? நம்ம வழி அது கிடையாது தபிதா."

"வழியா? ஒன் சுத்தம் கெடக்கூடாதுன்னு என் புருஷனைத் தூக்கிக் குடுத்துட்ட. அதுவும் நான் ஒன்ன நம்பிச் சொன்னத வெச்சு."

அவன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். தப்பு செய்துவிட்டோம் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. முன்பெஞ்சில் இருக்கும் பொறுப்பாளர்கள் இருவர் கை குலுக்கினால் கூட்டம் முடிந்தது. ஏழு வருஷமாக அந்த இருவர் அமோஸும் தபிதாவும்தான்.

ஒரு மணி நேரம் ஆனது. அமோஸ் கையை நீட்டினான். அவள் கை மடியை விட்டு அசையவில்லை.

"தபிதா" என்றான் மெதுவாக. "நேரமாச்சும்மா. எல்லாரும் காத்திருக்காங்க."

"கை குடுத்தா, ஒம்மேல எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடும்" என்றாள் அவள், கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி. "அது பொய்யிண்ணா."

அமோஸ் நீட்டிய கையை மடக்கவில்லை. நாங்கள் யாரும் எழுந்திருக்கவும் இல்லை.