மூன்று முத்தம்

லீக்காவின் மூக்கில் குடியிருந்த கிருமிக்குச் சாதாரண மருந்து எதைக் கண்டும் பயமில்லை. அவளுக்கு அதனால் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. ஆனால் அது போகும்வரை ஆபரேஷன் தியேட்டர் பக்கம் வரக்கூடாது என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று பரிசோதனையும் மாதக் கடைசிக்குள் சுத்தமாக வராவிட்டால், நர்ஸ் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

வைத்தியம் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் குடும்ப டாக்டர் ஃபான் பியூர்டன். கால் முறிந்து வந்தாலும் பாராசிட்டமால் போட்டு இரண்டு வாரம் பார்க்கச் சொல்கிற மகான். சனி, ஞாயிறில் அண்ணன் பண்ணையில் பன்றிக்குத் தீனி போடுவார். திங்கட்கிழமை ஊருக்கு வைத்தியம் பார்ப்பார்.

"உன் புருஷன் வளக்கிறது அறுநூறு பன்னி. கிருமி அங்கேருந்துதாம்மா வருது. நான் மருந்து குடுப்பேன், அவன் மறுபடி கொண்டாருவான். வீண் வேல."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"ஒண்ணு பன்னி போகணும், இல்ல புருஷன் போகணும்."

"புருஷனுக்குக் கேரவன் இருக்கு டாக்டர்."

புருஷன் டியுன் முற்றத்திலிருந்த கேரவனுக்குக் குடிபோனான். லீக்கா ஐந்து நாள் மூக்கில் களிம்பு தடவி, மருந்து சோப்பில் குளித்து, தினம் படுக்கை விரிப்பை மாற்றினாள். டியுனின் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் படியில் வைத்துவிட்டு, அவன் ஜன்னல் வழியே கையசைப்பதைப் பார்க்கும்போது அவளுக்கு அழுகை வந்தது.

முதல் பரிசோதனை சுத்தம். "வாழ்த்துகள்மா!" என்று டாக்டர் எழுந்தே வந்துவிட்டார். வலக்கன்னம், இடக்கன்னம், மறுபடி வலக்கன்னம் என்று மூன்று முத்தம் இல்லாமல் அவர்களுடைய பிரபாண்டு மாகாணத்தில் வாழ்த்து வாழ்த்தாகாது. அடுத்த வாரமும் சுத்தம். இன்னும் மூன்று முத்தம்.

மூன்றாவது வாரம் கிருமி திரும்பி வந்திருந்தது. மாதம் முடிய நான்கே நாள். வேலை போனது போனதுதான்.

"டியுன் திருட்டுத்தனமா உள்ள வந்திருப்பான். ஆம்பளைங்கள நம்ப முடியுமா?" என்றார் டாக்டர்.

"மூணு வாரமா அவன் என் கையக்கூடத் தொடல. என்னைத் தொட்ட ஒரே ஆம்பள நீங்கதான்."

டாக்டர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையேம்மா!"

"எனக்கும்தான் இல்ல."

"ரெண்டு வாரம் பொறுத்துப் பாப்போமே..."

லீக்கா மேசையிலிருந்த பரிசோதனைக் குச்சியை எடுத்து உறையைக் கிழித்தாள்.

"தலைய நல்லா சாய்ங்க டாக்டர். பயப்படாதீங்க, கேரவன்ல இன்னொரு கட்டில் காலியாத்தான் இருக்கு."