ஸ்டோய்னா கடைப் பசை

அம்மாவின் அடுப்புச் சாமான் கடைக் கண்ணாடிக் கதவில் அவளது மரண அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தாள் ஸ்லாதினா. உறைபனியில் டேப் பிடிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு தாளின் மேல்முனையை அழுத்திக்கொண்டது.

திரும்பினாள். விறகடுப்பின் இரும்புக் கதவை அக்குளில் இடுக்கியபடி ஓர் ஆள். தாளிலிருந்த படத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"ஸ்டோய்னா அத்தையா? எப்போ?"

"நேத்து விடிகாலையில. இன்னிக்குப் பதினோரு மணிக்கு எடுக்கறோம்."

"நான் காலின். மேலூரு. சரிக்கா, அப்புறமா வரேன்." கிளம்பியவன் நின்றான். "வீட்டுல ரெண்டு மாசக் குழந்தை. கதவோரமா புகை வருது. அதான்..."

ஸ்லாதினா பூட்டைத் திறந்தாள்.

அவளுக்குப் பிளோவ்திவ் நகரத்தில் பல் மருத்துவமனையில் வேலை. கடையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அம்மா ஞாயிறுதோறும் போனில் அளந்ததுதான். எந்தப் பசை வந்தாலும் அம்மா முதலில் தன் வீட்டு அடுப்புக் கதவில் ஒட்டி ஒரு குளிர்காலம் பார்ப்பாள். ஆயிரத்து இருநூறு டிகிரி தாங்கும் என்று அச்சடித்து வந்த ஒன்றைப் பெட்டியோடு திருப்பி அனுப்பியிருக்கிறாள். 'வெறும் கோந்தும்மா' என்று ஸ்லாதினா சிரித்திருக்கிறாள்.

காலினின் கதவைச் சுற்றிப் புகை கசியாமலிருக்க ஒட்டியிருந்த இழைக்கயிறு பாதி கழன்று தொங்கியது. அதைப் பிடித்திருந்த சிவப்பு சிலிகான் பசை கருகிப் பொடியாகியிருந்தது.

அலமாரியில் மூன்று வகைப் பசை. சிவப்புக்குக் கீழே அம்மாவின் கையெழுத்து: 'ஜன்னலுக்கு மட்டும். அடுப்புக்குக் கேட்டால் தராதே.' சாம்பல் நிறத்துக்குக் கீழே: 'புகைக்குழாய் இணைப்புக்கு.' கறுப்புக்குக் கீழே: 'என் அடுப்பில் நான்கு குளிர்காலம்.'

கறுப்பை எடுத்தாள்.

"அப்படியே ஒட்டிரலாமாக்கா?"

"பழசச் சுரண்டாமலா? அம்மா இருந்தா உங்களத் தொரத்தியிருப்பாங்க."

"போன தடவ தொரத்தினாங்க. ரோஷப்பட்டுச் சந்தையில வாங்கினேன்."

இருவரும் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது மாமா போன் செய்தார். "எங்கடி இருக்க? பாதிரியார் வந்துட்டாரு."

"வரேன் மாமா. கடையில ஆள் இருக்கு."

கயிறு பதியும் பள்ளத்தில் இரும்பு வெளுத்துத் தெரியும்வரை அவள் விடவில்லை. பசையை மெல்லிய கோடாக இழுத்தாள். புதுக் கயிற்றை இழுக்காமல் வைத்து, விரலால் அழுத்திக்கொண்டே சுற்றி வந்தாள்.

"நாளைக் காலைவரைக்கும் நெருப்பு மூட்டக் கூடாது."

"இன்னிக்கு மாமியார் வீட்ல படுத்துக்கறோம்."

கல்லறைத் தோட்டத்துக்கு அவனும் வந்தான். பசை ஈரமாக இருந்ததால் கதவைக் கீழே வைக்காமல் இரு கையிலும் தட்டுபோல் ஏந்திக்கொண்டு நின்றான். அவனுக்கான மெழுகுவத்தியையும் பக்கத்திலிருந்த கிழவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டோய்னா கடைப் பசையா?" கிசுகிசுத்தார்.

"ஆமா. அவங்க பொண்ணு ஒட்டினது."

"சுரண்டுச்சா?"

"என்னையும் சேர்த்து."

கிழவர் குனிந்து கதவை ஒருமுறை பார்த்தார். "அப்போ பிடிக்கும்."

மண் போட்டு முடிந்ததும் ஊரார் வரிசையாக வந்து ஸ்லாதினாவுக்குக் கைகொடுத்தார்கள். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. மாமா அவளது கையுறைகளை நீட்டினார். நகக்கண்களில் கறுப்பு அப்பியிருந்த விரல்களை அடுத்தவரிடம் நீட்டியபடி, வேண்டாமென்று அவள் தலையசைத்தாள்.