கட்டிக்கொடுத்த தட்டு

அமெரிக்காவில் எங்கள் டர்ஹாம் ஊரில் எங்களைப் போன்ற கறுப்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது. கிளம்பும்போது ஒரு காகிதத் தட்டில் சாப்பாட்டை வைத்து, அலுமினியத் தாளால் மூடிக் கையில் திணித்துவிடுவார்கள். வேண்டாம் என்றால் சண்டைதான். என் அம்மா போன பிறகு ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் எனக்குத் தட்டு கட்டித் தருபவர் எர்னெஸ்டீன் அத்தை. ரத்த உறவு கிடையாது. அதை அவர் காதுபடச் சொல்லிப் பாருங்கள், கரண்டி பறக்கும்.

நான் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். உள்ளூர்ச் சிறு வணிகருக்கும் கறுப்பர் கடைகளுக்கும் கைகொடுப்போம் என்று மேடைக்கு மேடை பேசுவார்கள். மதியச் சாப்பாடோ வெளிமாநிலத்திலிருந்து லாரியில் வரும். எனக்கு வயிறு எரியும். சண்டை போட்டு, அந்தப் பெரிய சாப்பாட்டு ஒப்பந்தத்தைச் சின்னச் சின்னதாகப் பிரிக்க வைத்தேன். அப்போதுதானே சின்னச் சமையற்கூடமும் போட்டி போட முடியும்?

அத்தையும் போட்டியிட்டார். அவர் நடத்தும் சமையற்கூடத்துக்கு வாடகை இரட்டிப்பாகியிருந்தது. இது கிடைக்காவிட்டால் அவரும் கூட வேலை செய்யும் மூன்று பெண்களும் தெருவில்தான். அவரைத் தெரியும் என்று முதலிலேயே மேலதிகாரியிடம் சொல்லிவிட்டதால், மதிப்பெண் போடும் வேலை எனக்கில்லை. நாற்காலி போடுவது மட்டும்தான்.

ருசி பார்க்கும் நாளன்று மதிப்பெண் போடும் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். தலைவர் நிதிப் பிரிவு ஹாலோவெல், விதியைக் கரைத்துக் குடித்தவர். அத்தையின் முறை வந்தது: பொரித்த கோழி, கீரை, சோள ரொட்டி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு. ஐந்து பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புகிறேன், ஐந்து பேரும் ஆளுக்கொரு தட்டோடு வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள்! வாசலில் அத்தை.

"வீட்ல புள்ளைங்களுக்குக் குடுங்க. சூடு பண்ணா போதும்."

எனக்கு உயிரே போய்விட்டது. மதிப்பெண் போடுபவருக்குப் போட்டியாளர் ஒரு பென்சில் கொடுத்தாலும் பெயரை அடித்துவிடுவார்கள். அன்றே திருப்பிக் கொடுத்தால்தான் தப்பலாம். காப்பீடு, விலை, உரிமம் என்று அத்தைக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். இதைச் சொல்லத் தோன்றவே இல்லை. தட்டு லஞ்சமாகும் என்று எங்கள் ஆட்களில் யாருக்குத் தோன்றும்?

ஓடினேன். நான்கு தட்டுகளை மீட்டுவிட்டேன். ஐந்தாவது, ஹாலோவெல் அறையில் திறந்து கிடந்தது. அவர் முள்கரண்டியை நக்கிக்கொண்டிருந்தார்.

"ரொண்டா, கதவ மூடுங்க."

"சார், அந்தத் தட்டத் திருப்பி வாங்க வந்தேன்."

"எத வாங்குவீங்க? தாள்தான் மிச்சம்."

அவர் தாளை மடித்தார்.

"இவ்ளோ ஒல்லியா இருக்கியேப்பா, யாரும் கவனிக்கிறதில்லையான்னு அந்தம்மா கேட்டாங்க. பொண்டாட்டி போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படிக் கேக்கல. விதி கிதி எல்லாம் மறந்துபோச்சு."

"விதிப்படி அவங்க பேர அடிக்கணும், சார்."

"அவங்க குடுத்தது பழக்கத்துல. தின்னது நான், தெரிஞ்சே. தப்பு என்னோடதுன்னு மேலிடத்துல நானே சொல்றேன். குழுவுலேருந்து விலகிக்கறேன், என் மார்க்கை எடுத்துடுங்க." பிறகு முகம் சுருங்கியது. "அவங்களுக்கு எல்லாரையும் விட அதிகமா போட்டவன் நான்தான். அதான் கஷ்டமா இருக்கு."

அந்த மனிதரை இத்தனை நாளும் கல் என்று நினைத்திருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. மேலிடம் அவரைக் கடிந்துகொண்டு, அத்தை போட்டியில் தொடர ஒத்துக்கொண்டது. மற்ற நால்வரின் மதிப்பெண்ணில் அத்தை மயிரிழையில் ஜெயித்தார்.

அடுத்த ஞாயிறு, சர்ச் கூடத்தில் அத்தை வழக்கம்போல் தட்டை நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேணாம் அத்தே. இப்ப நீங்க எங்களுக்கு விக்கிறவங்க. ஒப்பந்தம் இருக்கிற வரைக்கும் நான் உங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாது."

"என் கைச் சோறு உனக்கு லஞ்சமாடி?"

கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஒரு வாய் தின்னாலும் உங்க பொழப்பு போயிடும், அத்தே."

தட்டு நீட்டியபடியே இருந்தது. அத்தை இன்னொரு கையையும் நீட்டினார்.

"பன்னெண்டு டாலர்."

"என்னது?"

"காது செவிடா? தட்டு பன்னெண்டு டாலர். உங்காளுங்களுக்கு விக்கிற அதே வெல. குடு."

கொடுத்தேன். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தத் தட்டை உள்ளே எடுத்துப் போய், வேறு தட்டு கட்டிக்கொண்டு வந்து நீட்டினார். "மூஞ்சத் தொடச்சிக்க. அடுத்த வாரமும் காசு கொண்டா, கடன் கெடையாது."

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தேன். ஒரு துண்டு கோழி, ஒரு கரண்டி கீரை, ஒரு ரொட்டி. பல்கலைக்கழகத்துக்குப் பேசிய அளவு அப்படியே இருந்தது, ஒரு பருக்கைகூட அதிகம் இல்லை. தட்டு வழிய வழிய வைத்தே பழகிய கை அது. எனக்காக அது எவ்வளவு பாடுபட்டு அளந்திருக்கும் என்று நினைத்து, சாப்பிட்டுக்கொண்டே அழுதேன்.