கைக்கவசத்துக்கு உயிர் கொடுத்தவள்

பிளாஸ்டிக் கைக்கவசத்தை ஆன்லைனில் வாங்கியவன் லோகேஷ். அதைப் பூவிழி ஒருநாளும் மறுக்கவில்லை. அவனுக்குப் பிடித்த நடிகர் புதுப் படத்தில் மாட்டியிருந்த கவசத்தின் நகல் அது. படத்தில் அவர் விரல்களை மடக்கினால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீல வெளிச்சம் ஓடும், கூடவே ஓர் உறுமல் எழும். வந்து சேர்ந்த பொம்மையிலோ ஒரு பொத்தானும் ஒரு சிவப்பு பல்பும்தான் இருந்தன.

பூவிழி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கோட்டைக்குப்பத்துப் படகுகளின் ஜி.பி.எஸ். கருவிகளைப் பழுது பார்ப்பவள். புருஷனின் முகம் வாடியதைப் பார்த்து, "குடு, நான் பாக்குறேன்" என்று வாங்கினாள்.

பதினொரு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். எலக்ட்ரானிக் சிப்புகளைச் சுற்றி வரும், அழுத்தினால் மின்சாரம் கூடுதலாகக் கடத்தும் கறுப்பு உறையை நறுக்கி, இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து விரல் பகுதியில் ஒட்டினாள். விரல் மடங்கினால் அதற்குத் தெரியும். எல்.ஈ.டி. பட்டையையும் சின்ன ஸ்பீக்கரையும் உள்ளே பதித்து, குட்டி போர்டில் புரோகிராம் எழுதி ஏற்றினாள். ஊரை ஒட்டிய உப்பு ஏரியின் காற்று எந்தக் கம்பியையும் விட்டுவைக்காது என்பதால், விரலைச் சுட்டுக்கொண்டு பற்றவைத்த இடமெல்லாம் சிலிகான் பூசினாள். முதல்முறை அது உறுமியபோது லோகேஷ் சிறுபிள்ளைபோலக் குதித்தான்.

பொன்னேரி தியேட்டரில் படத்தின் ஐம்பதாம் நாள் விழா. கவசத்தைப் போட்டுக்கொண்டு லோகேஷ் மேடை ஏறினான். பூவிழி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீல வெளிச்சம் ஓடியதும் அரங்கமே அதிர்ந்தது. ரசிகர் மன்றத் தலைவர் இளவழகன் மைக்கை நீட்டி, "யார் பண்ணது தம்பி?" என்றார்.

"நானேதாண்ணே."

பூவிழி தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். இளவழகன் கேடயத்தை அவன் கையில் கொடுத்து, "நம்ம தலைவர் ரசிகன் விஞ்ஞானி" என்று அறிவித்தார். நானூறு பேர் கை தட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் திருப்பாலைவனம் தாண்டியதும் லோகேஷே ஆரம்பித்தான்.

"ஒரு வார்த்தை தானே மே. பசங்க முன்னால பொண்டாட்டி பண்ணான்னு சொன்னா கலாய்ப்பானுங்க."

"சூடு பட்ட விரலு யாருது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். போர்டு, பட்டை, ஸ்பீக்கர், பேட்டரி என்று தான் வைத்த ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்தாள். பழைய சிவப்பு பல்பைப் பொருத்தி அவனிடம் நீட்டினாள். "இது நீ வாங்குனது. நீயே வச்சுக்கோ."

மறுவாரம் இளவழகன் பைக்கில் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டியிலும் விழா, பொன்னேரிக்கு வந்த கூட்டமும் வரும், கவசம் வேண்டுமாம். லோகேஷ் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

"லைட்டு எங்கடா?"

"அண்ணே, அது பூவிழி பண்ணது. நான் மேடையில பொய் சொல்லிட்டேன்."

இளவழகன் சிரித்தார். "அதுக்கின்னா இப்ப? குடும்பத்துல யார் பண்ணா இன்னா? திரும்ப மாட்டித் தரச் சொல்லு."

"மாட்ட மாட்டேன்" என்றாள் பூவிழி. "நானூறு பேரு முன்னால சொன்ன பொய்யை இவரு உங்க ஒருத்தர்கிட்ட ரகசியமா சொல்றாரு. அது செல்லாதுண்ணே. மைக்ல சொல்லட்டும்."

"ரொம்பப் பேசுறம்மா" என்று முனகிக்கொண்டே அவர் பைக்கை உதைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை லோகேஷ் சிவப்பு பல்பு பொம்மையோடு தனியாகவே கிளம்பிப் போனான். மாலையில் பூவிழியின் போனுக்கு வீடியோ கால் வந்தது. மேடை ஓரத்தில் யாரோ அவன் போனைப் பிடித்திருந்தார்கள். லோகேஷ் மைக் முன்னால் வியர்த்து நின்றான்.

"பொன்னேரில நீங்க பாத்த கவசத்தை நான் பண்ணல. என் ஒய்ஃப் பண்ணுச்சு. நான் பொய் சொன்னேன்."

கூட்டத்தில் விசில் பறந்தது, சிலர் ஊளையிட்டார்கள். அவன் இறங்கி வந்து போனை வாங்கினான். "சொல்லிட்டேன் மே. சந்தோஷமா?"

அவளுக்குக் கோபம் தீரவில்லை, இன்னும் ஏறியது.

"ஒய்ஃபுக்குப் பேரு கிடையாதா?"

லோகேஷ் போனோடு மேடைப் பக்கம் திரும்பினான். அவன் குரல் யாரிடமோ கெஞ்சியது.

"அண்ணே, மைக்கை இன்னொரு வாட்டி குடுங்க."